முழங்கால் அண்ணையும் எங்கள் பதின்மூன்று படிகளும்

ஒஸ்லோத் தமிழர்களில் தைரியசாலி யார் என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், பெரும்பாலும் தங்கள் பெயரையே. பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால் மட்டும் இரண்டே இரண்டு பெயர்தான் வரும். ஒன்று நான், மற்றது முழங்கால் அண்ணை. எங்கள் இருவரில் முதலிடம் அவருக்குத்தான் என்று எந்தச் சபையிலும் நான் சத்தியம் பண்ணுவேன். நான் என் வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்துகளுக்கு மட்டும் பயப்படுகிறவன். அவர் ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற புருசெத் பகுதியில் எந்தெந்தத் தமிழ் வீட்டில் படி இருக்கிறதோ, அதில் ஏறி இறங்குகிற எல்லோருக்குமாகச் சேர்த்துப் பயந்தவர்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. தொழில் கம்பளம் விரிப்பது. வரவேற்பறை நடுவில் கிடக்கிற பூப்போட்ட விரிப்பைச் சொல்லவில்லை. படுக்கையறைக்குச் சுவரோடு சுவர் சேர்த்து விரிப்பது, படிகளுக்கு ஒவ்வொரு படியாக மடித்து இறுக்கி அடிப்பது, அதுதான் அவர் வேலை. நாள் முழுக்க முழங்காலில் நின்று செய்கிற வேலை என்பதால் இரண்டு முழங்காலிலும் கறுப்பு ரப்பர் கவசம் கட்டியிருப்பார். வேலை முடிந்தாலும் கழற்றமாட்டார். கல்யாண வீட்டுக்குப் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வருவார், வேட்டிக்குள்ளே இரண்டு தேங்காய் கட்டினமாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கும்.

"உந்தக் கவசத்தைக் கழட்டிப்போட்டு வந்தால் என்ன அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கை எப்ப முழங்காலிலை நிக்கவேண்டி வருமெண்டு ஆர் கண்டது தம்பி?" என்றார். கண்ணில் உண்மையான கவலை.

கோயிலில் நடந்த கதை எல்லோருக்கும் தெரியும். அண்ணை சந்நிதியில் விழுந்து கும்பிட்டார், எழும்பவில்லை. ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. நெற்றியும் கன்னமும் நிலத்தோடு ஒட்டியபடி கிடக்கிறார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு பக்தியோ" என்று ஐயரே பூசையை ஒரு கணம் நிறுத்தினார். அப்போது அண்ணை தலையைத் தூக்கி, விரித்திருந்த கம்பளத்தின் ஓரத்தை இரண்டு விரலால் கிளப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்குக் கீழை அடிவிரிப்பே இல்லை. ஆரும் வழுக்கப்போகினம்!" என்று அலறினார். அடிவிரிப்பு என்பது கம்பளத்துக்குக் கீழே போடுகிற மெத்தைத் தாள். கம்பளம் கண்ணுக்கு, அடிவிரிப்பு உயிருக்கு என்பது அவர் கொள்கை.

இவ்வளவு பயப்படுகிற மனிதருக்குப் பின்னால் ஒரு சோகக்கதை இருக்கவேண்டும் என்று நம் ஆட்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி படியிலிருந்து விழுந்து செத்துப்போனதாக ஒரு கதை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நானும் மனமிரங்கி இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒருநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினால், செத்துப்போன மனைவி கையில் தோசைக்கரண்டியோடு வந்து நிற்கிறா.

"இவரோ? இவர் பிறக்கேக்கையே பயந்துதான் பிறந்தவர்" என்றா. "கலியாணத்தண்டு மணவறைப் பலகை ஆடுது எண்டு மூண்டு தரம் எழும்பினவர். நான் என்னவோ என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

இப்படிப்பட்டவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்கிறேன்.

நான் பஸ் ஓட்டுகிறவன். உறைபனியில் எழுபது பேரை ஏற்றிக்கொண்டு சரிவில் பாட்டு முணுமுணுத்தபடி இறங்குவேன். ஆனால் நாங்கள் வாங்கிய வீட்டின் படியில் மட்டும் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். பதின்மூன்று மரப்படிகள், வார்னிஷ் பூசிப் பூசி முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. படுக்கையறை மேலே, குளியலறை கீழே. என் மனைவி வதனிக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன்பு இரண்டு தடவை நாங்கள் பிள்ளையைப் பறிகொடுத்திருந்தோம். இரண்டு தடவையும் காரணம் தெரியாது என்றுதான் டொக்டர் சொன்னார். காரணம் தெரியாவிட்டால் என்னைப்போன்றவன் எல்லாவற்றையும் காரணமாக்கிவிடுவான். நான் அந்தப் படியைப் பிடித்துக்கொண்டேன்.

வதனி ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்குகிறாள் என்று எண்ணத் தொடங்கினேன். அவள் இறங்கும்போது கீழே ஓடிப்போய்க் கையை விரித்துக்கொண்டு நிற்பேன்.

"என்னப்பா, நான் விழுந்தால் என்னைப் பந்துமாதிரிப் பிடிக்கப்போறியளோ?" என்பாள்.

"சும்மா நிக்கிறன்."

"சும்மா நிக்கிற ஆக்கள் கதிரையிலை இருப்பினம். தள்ளுங்கோ."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். ஆனால் ஒருநாள் பின்னேரம் நாலாவது படியில் அவள் கால் ஒரு அங்குலம் சறுக்கியது. கைபிடியைப் பிடித்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குத்தான் முதல்தரம் அவள் சிரிக்காமல், "படிக்கு ஏதும் போடுவமப்பா" என்றாள். அடுத்த நிமிடம் நான் முழங்கால் அண்ணைக்குப் போன் அடித்தேன்.

அவருடைய கடை என்பது வீட்டோடு சேர்ந்த கராஜ்தான். போனவுடன் என் முகத்தையும் பார்க்காமல், "படி எத்தினை?" என்றார்.

"பதின்மூண்டு."

"ஐயோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். பதின்மூன்று என்பதற்காக அல்ல, பன்னிரண்டு என்று சொல்லியிருந்தாலும் அந்த ஐயோ வந்திருக்கும். "வளைவு இருக்கோ? கைபிடி ரெண்டு பக்கமோ ஒரு பக்கமோ? ஏறுறது ஆர்?"

வதனியின் நிலைமையைச் சொன்னேன். முன்பு நடந்த இரண்டையும் சொன்னேன். என்னையறியாமல் சொல்லிவிட்டேன், அதுவரை வெளியாட்கள் யாருக்கும் சொன்னதில்லை. அண்ணை கராஜ் மூலையிலிருந்து நாலு துண்டு அடிவிரிப்பை எடுத்துவந்து நிலத்தில் வரிசையாகப் போட்டார்.

"முழங்காலிலை இரும்."

"என்னத்துக்கு அண்ணை?"

"இரும் எண்டுறன்."

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நிறுத்தியபிறகு நான் முழங்காலில் நின்றது அன்றைக்குத்தான். ஒவ்வொரு துண்டிலும் பத்து நிமிடம். நின்றபடி எட்டுத்திக்கும் சாயச் சொன்னார். அந்த நேரம் பார்த்து வதனியின் அண்ணர் வந்து சேர்ந்தார். என் மைத்துனர் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி எஞ்சினியர், ஒஸ்லோவுக்கு வந்தால் உலகத்துக்கே எஞ்சினியர்.

"எது நல்ல தடிப்பா, மொத்தமா இருக்கோ அதைப் போடுங்கோ" என்றார் வந்ததும் வராததுமாய். "காசைப் பாக்கவேண்டாம். மெத்துமெத்தெண்டு இருக்கவேணும். ஏன் இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?"

அண்ணை மைத்துனரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் இருங்கோ."

எஞ்சினியர் முழங்காலிட்டார்! அந்தக் காட்சிக்காகவே அண்ணைக்கு ஒரு மாலை போடலாம். மொத்தமான துண்டில் அவரை ஏற்றி, ஓரமாக நகரச் சொன்னார். நகர்ந்த மைத்துனர் ஒரு பக்கமாகச் சாய்ந்து என்மேல் விழுந்தார்.

"பாத்தியளே? மெத்தெண்டு இருக்கிறது படுக்கையறைக்கு. அங்கை நல்ல மொத்தமாப் போடலாம், காலமை எழும்பிக் காலை வைக்க சுகமா இருக்கும். படிக்கு மெல்லிசா, இறுக்கமா இருக்கவேணும். படியின்ரை ஓரத்திலை மெத்தை அமுங்கிச்சுது எண்டால் கால் தன்ரை பாட்டிலை முன்னுக்குப் போகும். ஆக்கள் மொத்தம் மொத்தம் எண்டு கேட்டு வாங்கித்தான் விழுகினம்."

அடுத்தநாள் வதனியையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், கம்பளத்தையும் அவர்தான் தெரிந்தெடுத்தார். வதனிக்குப் பால்வெள்ளை பிடித்திருந்தது. அண்ணை உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுவந்து பால்வெள்ளைத் துண்டின்மேல் ஊற்றிவிட்டு, "இப்பவும் பிடிச்சிருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். பழுப்பில் வந்து முடிந்தது. வளையம் வளையமாக இழை நிற்கிற வகை வேண்டாம், பிள்ளை தவழும்போது விரல் மாட்டும் என்றார். பிள்ளை தவழும்போது என்று அவர் சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு வதனி சட்டென்று என்னைப் பார்த்தாள். வீட்டில் நாங்கள் அப்படி ஒரு வசனம் பேசுவதேயில்லை. பயத்தில்.

விரிக்க இரண்டு நாள் எடுத்தார். ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் ஆணிமுள் வைத்த பலகைக் கீலத்தை அடித்து, அடிவிரிப்பை வைத்து, கம்பளத்தை இழுத்து, முழங்காலால் இடிக்கிற கருவியால் இடித்து இடித்து இறுக்கினார். ஒவ்வொரு இடிக்கும் "முருகா" என்றார். முடிந்ததும் வதனியை மெல்ல ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, தான் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்று சத்தத்தைக் கேட்டார். பதினொராம் படியில் கையை உயர்த்தினார்.

"சத்தம் வேறை."

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை பதினொராம் படியை முழுதாகப் பிரித்து மறுபடி அடித்தார். போகும்போது என்னிடம் ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

"தம்பி, இதுக்கு மேலை ஒண்டும் விரிக்கப்படாது. சீலை, பேப்பர், பிளாஸ்டிக், ஒண்டும். சரியே?"

"சரி அண்ணை. என்ன விசரே எனக்கு?"

விசர்தான். ஒன்பதாம் மாதம் மைத்துனர் வளைகாப்பு வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு வழக்கம் பெரிதாக இல்லை. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களைப் பார்த்து இங்கே நம் ஆட்களும் பிடித்துக்கொண்டது. நல்ல மாசி மாதக் குளிர். ஐம்பது பேருக்குச் சொல்லியாயிற்று. ஐம்பது பேரின் குளிர் ஜாக்கெட்டையும் எங்கே வைப்பது? நம் வீடுகளில் எல்லாம் படுக்கையறைக் கட்டில்மேல்தான். அப்படியென்றால் எத்தனை ஈரச் சப்பாத்துக்காரர், எத்தனை ஈரக் காலுறை, கையில் பாயாசம், சந்தனம், குங்குமம், எல்லாம் என் பழுப்புக் கம்பளப் படியில்!

இதில் பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் வேறு வேலிக்கு அப்பால் நின்று, "படுக்கையறைக்கும் படிக்கும் கம்பளமா? நாங்கள் அதையெல்லாம் எப்போதோ கிழித்தெறிந்துவிட்டோமே. அழுக்கும் தூசியும் சேரும், குழந்தைக்கு மூச்சுக்கு ஆகாது" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்பாகச் சொன்னதால்தான் எனக்கு நித்திரை போனது. விழுகிற பயம் போய், இப்போது அழுக்குப் பயம். பாயாசம் ஊறி, பூஞ்சணம் பிடித்து, பிள்ளைக்கு இழுப்பு வந்து என்று அதுவாகவே ஓடியது என் மூளை. நம் வீடுகளில் ஒரு சாமானைக் காப்பாற்றவேண்டும் என்றால் செய்வது ஒன்றுதானே? வாங்கிய சோபாவுக்கே பத்து வருடம் பிளாஸ்டிக் உறை கழற்றாத சாதியல்லவா நாங்கள்? கட்டிடச் சாமான் கடையில் ஒரு சுருள் கண்ணாடிப் பிளாஸ்டிக் வாங்கினேன். வளைகாப்பு அன்றைக்கு வதனி மேலே, உடுத்திவிட வந்த பெண்களோடு கதவைச் சாத்திக்கொண்டு சீலை உடுத்திக்கொண்டிருக்கும்போது, மேலிருந்து பதின்மூன்று படிக்கும் விரித்து ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டினேன். விருந்தாளிகள் போனவுடன் உரித்துவிடலாம் என்று கணக்கு. எவ்வளவு அழகாகப் பளபளத்தது தெரியுமா! வார்னிஷ் படியின் பளபளப்பு. அதுகூட என் மண்டையில் உறைக்கவில்லை.

ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மேலே வதனி உடுத்திக்கொண்டிருந்ததால் ஜாக்கெட்டெல்லாம் அதுவரை வாசலிலேயே குவிந்து கிடந்தது. வரவேற்பறையில் தட்டுகள் பரப்பியாயிற்று, வளையல் அடுக்கியாயிற்று. "பொம்பிளையை இறக்குங்கோ" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மேலே கதவு திறந்தது. பட்டுச்சீலை, காலில் மெல்லிய காலுறை, வயிறு முன்னுக்குத் தள்ளியதில் தன் கால் தனக்கே தெரியாமல் வதனி வந்து மேற்படியில் நின்றாள். உடுத்திவிட்ட பெண்கள் அவளுக்குப் பின்னால். அதே நேரம் வாசலில் முழங்கால் அண்ணை நுழைந்தார், பட்டுவேட்டியும் தேங்காய்களுமாக.

வதனியின் சீலைக்கரை பிளாஸ்டிக்கில் உரசி ஒரு சின்னச் சரசரப்பு. ஐம்பது பேர் கதைக்கிற சத்தத்துக்குள்ளே அது அவருக்குக் கேட்டது.

"பிள்ளை! நில்லு!"

அந்த மனிதரிடம் அப்படி ஒரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது. வதனியின் வலதுகால் அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் நான் படியைப் பார்த்தேன், உண்மையாகப் பார்த்தேன். என் கையால் நான் விரித்தது. பழையபடி கீழே கையை விரித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

"காலைப் பின்னாலை எடு. சுவரோடை சாஞ்சு நில்லு. ஆரும் அவவைத் தொடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே அண்ணை முதற்படியில் முழங்காலைப் போட்டார். ஒட்டுநாடாவைப் பிடித்துச் சரக்கென்று உரித்தார். அடுத்த படி. சரக். அடுத்தது. எழும்பி நின்று ஏறினால் அவரே சறுக்குவார், அதனால் முழங்காலாலேயே ஏறினார். அறுபதைத் தாண்டிய மனிதர். மூன்றாம் படியில் மூச்சு வாங்கியது. ஐந்தாம் படியில் வேட்டி பிளாஸ்டிக்கில் மாட்டிக் கழன்று அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே வேலைக் காற்சட்டை போட்டிருந்தார், கடவுள் காப்பாற்றினார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பதின்மூன்றாம் படியையும் உரித்து முடித்து, வதனியின் காலடியில் முழங்காலில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப வா பிள்ளை. என்ரை தோளைப் பிடி. நான் முன்னாலை பின்பக்கமா இறங்கிறன்."

பின்பக்கமாக, படிக்குப் படி இருந்து இருந்து இறங்கினார். ஒவ்வொரு படியிலும் அவள் காலை இரண்டு கையாலும் பிடித்துக் கம்பளத்தில் வைத்தார். "இது பன்ரண்டு. ஓம். இது பதினொண்டு, இது நான் ரெண்டு தரம் அடிச்சது, பயப்படாதை." வதனி அழுதுகொண்டே இறங்கினாள். கடைசிப்படியும் முடிந்து அவள் தரையில் நின்றாள்.

அப்போது மைத்துனர் உரித்துக் கிடந்த பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தார். முகம் சிவந்துவிட்டது. "இதை விரிச்ச விசரன் ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். வதனி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றார் முழங்கால் அண்ணை, வேட்டியைச் சுற்றிக்கொண்டே.

"நீங்கள் இப்பதானே வந்தனீங்கள்?"

"காலமை வந்து விரிச்சுப்போட்டுப் போனனான். தம்பி வேண்டாமெண்டுதான் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. பிழைதான்."

மைத்துனர் விட்டாரா? அந்தச் சபையில் வைத்து அவரை நாறடித்தார். இதுதானா உங்கள் அனுபவம், இதுக்குத்தானா எங்களை முழங்காலில் நிறுத்தினீர்கள் என்று. அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். படி படி என்று புருசெத்தையே நச்சரித்த மனிதர், படியில் பிளாஸ்டிக் விரித்தவராக அன்றைக்கு எல்லோர் வாயிலும் விழுந்தார். அங்கே இருந்தவர்களில் இரண்டு குடும்பம் அவரிடம் சொல்லிவைத்திருந்த வேலையை நிறுத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கேவலமான ஆள் நான் என்று எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லத் தேவையில்லை.

அவர் சாப்பிடாமல் புறப்பட்டார். வெளியே பனியில் அவருடைய வான் வண்டிக்குப் பின்னால் ஓடினேன்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். "என்னிலை ஆக்கள் ஒரு மாதம் கோவிப்பினம். உம்மிலை அவ முப்பது வருசம் கோவிப்பா. இந்த நேரத்திலை அவவுக்கு மனம் நோகக்கூடாது தம்பி. போம், உள்ளை போய் நில்லும். சாப்பிட்டாப் பிறகு அவவைத் தனிய ஏறவிடாதையும்."

இரண்டு கிழமையில் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் முதலில் போன் அடித்தது மைத்துனருக்கு அல்ல.

அண்ணை இப்போது துரொண்ட்ஹெய்மில் மகன் வீட்டோடு இருக்கிறார். இரண்டு முழங்காலுக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. இதை எழுதுமுன் அவருக்குப் போன் அடித்து, நடந்ததை நடந்தபடி பத்திரிகையில் போடப்போகிறேன் என்று சொன்னேன்.

"ஏன் தம்பி இனி? வதனி வாசிப்பா."

"வாசிக்கட்டும் அண்ணை. முப்பது வருசத்திலை ஏழு வருசம் உங்கடை தலையிலை போட்டன். மிச்சத்தை நான் வாங்கிறன்."

அண்ணை மறுபடி படிக்கே வந்து சேர்ந்தார்.

"சரி, எழுதும். ஆனா உம்மடை மகள் இண்டைவரைக்கும் அந்தப் படியிலை ஒருநாளும் விழேல்லை எண்டதையும் எழுதும். விழேல்லைத்தானே?"

விழவில்லை அண்ணை. எழுதிவிட்டேன்.